பரமசிவத்தைக் குளத்தில் இறக்கிய விழா

பரமசிவத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனதில் சுரங்கத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்பில் யாராவது நொண்டி நடந்தாலே, "எந்த ஷிப்ட்ல நடந்தது?" என்றுதான் கேட்பார்கள். பரமசிவம் வருஷக்கணக்காகக் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவர். ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்த்தவரின் காடாம்புலியூர்த் தோப்புக்குப் பலாப்பழம் தின்னப் போன இடத்தில், பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கத் தாமே மரத்தில் ஏறினார். பழம் பழுத்துத்தான் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்தபடியே விழுந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த வண்டியிலேயே அந்தப் பழமும் வந்தது என்றும், வார்டில் ஆளுக்கு நாலு சுளை கிடைத்தது என்றும் சொல்வார்கள். அவர் மனைவி தமயந்தி அதற்கப்புறம் பலாப்பழத்தை வாசற்படி தாண்ட விட்டதில்லை.

கால் போனாலும் பெர்மனென்ட் வேலை போகவில்லை. லைட் டியூட்டி என்று ஸ்டோர்ஸ் வாசலில் ஒரு டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். குவார்ட்டர்ஸையும் கீழ்த்தளத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே பரமசிவத்துக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று அந்த வட்டத்தில் எல்லோரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக வந்து, சக்கர நாற்காலிக்கு மேலாகத் தமயந்தியைப் பார்த்து, "சாப்பிடறாரா? தூங்கறாரா?" என்று விசாரிப்பார்கள். மரத்திலிருந்து விழுந்தவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்பது ஒருவருக்கும் தோன்றாது.

"என்கிட்ட கேட்டா நான் பதில் சொல்லிருவேனோன்னு பயப்படுதாவ" என்பார் பரமசிவம், அவர்கள் போன பிறகு. ஸ்ரீவைகுண்டத்துப் பேச்சை டவுன்ஷிப் வாசம் கொஞ்சமும் கரைக்கவில்லை.

அவரிடமே கேட்ட ஒரே ஆள் சந்திரா. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மெட்ராஸ் பெண். கை, தோள் எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் நிறுத்திவிட்டு, "நீங்க சொன்னதெல்லாம் செய்யறீங்க. ஆனா சீலிங்கைப் பார்த்துக்கிட்டே செய்யறீங்க. உங்களுக்கு எது ஆட்டம்? எதைச் செஞ்சா நேரம் போறது தெரியாது?" என்று கேட்டாள். பரமசிவம் வெகுநேரம் யோசித்தார். சின்ன வயதில் வாய்க்காலில் கிடந்ததைத் தவிர அவருக்கு வேறு எதுவும் அகப்படவில்லை. அதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "அப்ப தண்ணியிலயே கிடங்க. வைத்தியம்னு நினைக்காதீங்க, விளையாட்டுன்னே நினைச்சுக்குங்க. அதுதான் வைத்தியம்" என்றாள் சந்திரா.

நீச்சல் குளம் இருந்தது செம்பருத்தி மனமகிழ் மன்றத்தில். ஊழியர்களும் அதிகாரிகளுமாகச் சேர்ந்து நடத்திய கிளப் அது. பரமசிவம் அதில் மெம்பர்தான். மன்றத்துக் குளத்தில் நீந்துகிறவர்களைப் பார்ப்பது அரிது. மாலை நேரத்தில் பெரியவர்கள் மார்பளவுத் தண்ணீரில் வட்டமாக நின்று, யாருக்குப் பிரமோஷன், யாருக்கு டிரான்ஸ்பர் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். முடி நனையாமல் ஏறி வருவார்கள்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் பரமசிவத்துக்குப் பழக்கமானவள் செல்லக்கிளி. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தில் தையல் மிஷின் வைத்திருந்தாள். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போய், கையை ஊன்றித் தவழ்ந்து போகிற பெண். மிஷினைக்கூடக் கையால் சுற்றித்தான் தைப்பாள். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. பரமசிவம் குளத்தில் இறங்க அனுமதி கேட்கப் போவதைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"எங்க வூட்டுக்குப் பின்னாலயே மைன்ஸ் தண்ணி வாய்க்கால் ஓடுதுங்க. பொறந்ததுலேர்ந்து வாளில மொண்டுதான் பாத்துக்கினு இருக்கேன். கேக்கறதுதான் கேக்கறீங்க, என்னையும் சேத்துக் கேளுங்க."

அப்படித்தான் 'எனக்கு' என்று ஆரம்பித்த மனு 'எங்களுக்கு' என்று ஆனது. மன்றத்துக்கு அதில்தான் தலைவலி.

மன்றத்தின் செயலாளர் கருணாகரன் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மெக்கானிக்கல் என்ஜினியர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். முடியாது என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை; அவரிடம் போய் எதுவும் முடிந்ததாகவும் யாருக்கும் நினைவில்லை. கமிட்டி கூடி மனுவை ஆராய்ந்தது. இது வைத்தியமா, பொழுதுபோக்கா என்பது முதல் கேள்வி. வைத்தியம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மன்றத்தில் வைத்தியம் பார்ப்பதில்லை. பொழுதுபோக்கு என்றால் டாக்டர் சீட்டு எதற்கு? சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சீட்டில்லாமல் போனதும், உடல் தகுதிக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். பரமசிவம் ஒவ்வொரு தடவையும் தமயந்தி நாற்காலியைத் தள்ளப் போய்ப் போய் வந்தார். போகிற வழியில் அவளும், வருகிற வழியில் அவரும் திட்டிக்கொண்டு வருவார்கள். ஆள் மட்டும் மாறும், வசவு ஒன்றுதான்.

கடைசியில் பரமசிவம் விஷயத்தைச் சுருக்கினார். தமக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம், வீட்டு வாசலில் எப்படிப் படியிறங்குகிறோமோ அப்படியே உட்கார்ந்தபடி கையை ஊன்றிக் குளத்துப் படியிலும் இறங்கிக்கொள்வோம், கேட்டைத் திறந்துவிட்டால் போதும் என்றார்.

கமிட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. மெம்பர்களின் குடும்பங்கள் வந்துபோகிற இடத்தில் ஒரு மனுஷர் இப்படித் தேய்த்துக்கொண்டு இறங்கினால், பார்க்கிறவர்கள் மனசு என்ன பாடு படும்? ஒரு மெம்பர் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை இளகிய மனசுக்காரர்கள் ஒரே கமிட்டியில் சேர்ந்தது தம்முடைய கெட்ட நேரம் என்று பரமசிவம் நினைத்துக்கொண்டார்.

அதற்குள் எண்பத்தொன்று பிறந்தது. அந்த வருஷத்தைச் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று உலகமே அறிவித்திருந்தது. எல்லா மன்றங்களும் ஏதாவது செய்தாக வேண்டும். பக்கத்து மன்றம் தையல் மிஷின் கொடுக்கப்போகிறதாம் என்ற செய்தி வந்ததும், கருணாகரனுக்குப் பரமசிவத்தின் ஞாபகம் வந்தது. அவரே வீடு தேடி வந்தார்.

"உங்க கோரிக்கைய நாங்க மறக்கலீங்க. பெருசா செய்யறமுங்க" என்றார்.

செய்தார்கள். மண்ணை வெட்டுவதற்கு ஒரு மாடி வீட்டை விடப் பெரிய யந்திரத்தை ஓட்டுகிறவர்களுக்கு, படியில் உட்கார்ந்து இறங்குவது ஒரு வழியாகவே தெரியவில்லை. ஒரு கனமான பொருளை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்க வேண்டும். அதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். குளத்தின் ஆழமான முனையில் கான்கிரீட் போட்டு, இரும்புத் தூண் நட்டு, குறுக்குக் கை வைத்து, மோட்டாரும் சங்கிலியும் கொக்கியும் மாட்டினார்கள். பரமசிவத்தைக் கிரேனில் தூக்கிக் குளத்தில் இறக்குவதாகத் திட்டம். ஆழமில்லாத முனையில் வைத்தால் என்ன என்று அவர் கேட்டதற்கு, விழாப் பந்தலிலிருந்து பார்த்தால் அங்கே மறைக்கிறது என்று பதில் வந்தது.

எவ்வளவு பாரம் என்று தெரியாமல் கிரேன் வைக்க முடியாதல்லவா? ஒரு நாள் பரமசிவத்தை லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குக் கூட்டிப்போனார்கள். நாற்காலியோடு ஒருதரம் ஏற்றினார்கள். பிறகு நாற்காலியை மட்டும் தனியாக ஏற்றிக் கழித்தார்கள். அவரை அந்த நேரம் ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். மண் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வரிசையில் நின்றன. டன் கணக்குக்காக வைத்த மேடையில் முள் சரியாக அசையவில்லை. ஆகவே உத்தேசமாக ஒரு எடை போட்டு, பத்திரத்துக்கு அதை இரண்டால் பெருக்கிக்கொண்டார்கள். மணல் மூட்டைகளைக் கட்டி இறக்கிச் சோதனை நடந்தது. மூட்டைகள் ஒன்றும் குறை சொல்லவில்லை.

"வே, எனக்கு முன்னால மணலு குளிச்சிட்டு" என்றார் பரமசிவம், குளத்துக் காவலுக்கு இருந்த ராமலிங்கத்திடம். முங்குகிறவர்களைத் தூக்குவதற்காக மன்றம் கான்ட்ராக்டில் வைத்திருந்த வடக்குத்து ஆள் ராமலிங்கம். அங்கே யாரும் நீந்தாததால் அதுவரை யாரும் முங்கியதில்லை. மணல் மூட்டை ஒன்று அவிழ்ந்துபோய், குளத்தின் அடியில் கிடந்த மணலை அள்ளுகிற வேலைதான் அவனுக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை.

விழா நாள் வந்தது. பந்தல், மைக், தோரணம். ஆஸ்பத்திரியில் பழக்கமான நாலைந்து பேரை வேனில் கூட்டிவந்து பந்தலின் பின்வரிசையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். செல்லக்கிளியும் அதில் இருந்தாள். குளத்துக்குள் இறங்கப் பரமசிவம் ஒருவருக்குத்தான் பேச்சு. மற்றவர்கள் அவர் இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள் என்று நிகழ்ச்சிநிரலிலேயே போட்டிருந்தது. விழா முடிந்ததும் இந்தக் கேட் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்பது பரமசிவத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. கிரேனை இயக்க ஆள் போடுவதைப் பற்றி அடுத்த வருஷம் பரிசீலிப்பதாக அன்று காலையில்தான் அவர் காதில் விழுந்தது. படி வழியாக யாரையும் விடக்கூடாது, இனி கிரேன் மூலமாக மட்டுமே என்று தீர்மானமும் போட்டாகிவிட்டது. கிரேன் இல்லாமலிருந்தாலாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தலைமை தாங்க வந்திருந்தார். தார்ப்பாய்த் துணியில் தைத்த தொட்டிலில் பரமசிவத்தை உட்கார வைத்து, மார்பில் வாரைக் கட்டினார்கள். அதிகாரி பொத்தானை அமுக்கினார். சங்கிலி கடகடவென்று மேலே ஏறியது. தண்ணீருக்கு மேலே ஓராள் உயரத்தில் அவர் வந்து நின்றபோது போட்டோகிராபர் கையைக் காட்டினார். கிரேன் நின்றது. படம் எடுத்து முடிந்தது. அப்போதுதான் அதிகாரிக்கு எதிரில் மைக் இருப்பது தெரிந்தது.

பேச ஆரம்பித்தார். சமுதாயம் இவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்றார். கூட்டம் பக்தியோடு மேலே பார்த்தது. அங்கே பரமசிவம் கொக்கியில் மாட்டிய காய்கறிப் பைபோல லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றில் பந்தல் தெரிந்தது; அடுத்ததில் தூரத்து மண்மேடும் புகைபோக்கிகளும் தெரிந்தன; பிறகு மறுபடி பந்தல். கீழே தண்ணீரில் ஒரு நிழல் மிதந்தது. அதில் நாற்காலி இல்லை. விழுந்த நாளிலிருந்து நாற்காலியில்லாத தம் நிழலை அவர் பார்த்ததில்லை. அது ஏதோ அவருக்கு முன்பே இறங்கிவிட்டது போல அசைந்துகொண்டிருந்தது.

"கருணாகரன் சார், கொஞ்சம் எறக்குங்க" என்றார் மெதுவாக.

"ஐயா பேசிட்டிருக்காருங்க" என்றார் கருணாகரன், திரும்பாமலே.

அதிகாரி மாவட்டவாரியாகப் புள்ளிவிவரம் சொல்லத் தொடங்கினார். அகரவரிசையில்தான் சொன்னார். தங்கள் தென்னாற்காடு எப்போது வரும் என்று பரமசிவம் சற்று காத்திருந்து பார்த்தார். பிறகு மார்பிலிருந்த வாரை அவிழ்த்தார்.

முதல் வரிசை முழுவதும் நனைந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தமயந்தி மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மூச்சுப் பிடிச்சுட்டு இருக்காவ" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். தலை மேலே வந்தது. பரமசிவம் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மல்லாந்தார். கால்கள் தாமாகவே மேலே எழும்பி வந்தன, யாரும் தூக்கவில்லை. பிறகு குப்புறத் திரும்பிக் கைகளால் வலித்துக்கொண்டு மறுகரை வரை போனார். கூட்டம் கைதட்டியது. அனுபவசாலியான அதிகாரி ஒரு நொடியில் சமாளித்து, இதுதான் நமது முயற்சியின் வெற்றி என்று மைக்கில் சொன்னார். சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரம் வந்து நின்றார். நிகழ்ச்சிநிரலில் அடுத்தது சால்வை.

பரமசிவம் வரவில்லை. நடுக்குளத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

கருணாகரன் குந்தி உட்கார்ந்தார். "வெளிய வாங்க பரமசிவம். ஐயா காத்திட்டிருக்காருங்க."

"வாரேன் சார். நாளைக்கும் எறங்கலாமா, அதைச் சொல்லுங்க."

"அத நாளைக்குப் பேசிக்கலாமுங்க."

"அப்ப நானும் நாளைக்கே வெளிய வாரேன்."

கருணாகரன் எழுந்து கமிட்டியைப் பார்த்தார். கமிட்டியில் நீச்சல் தெரிந்தவர் எவரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் கமிட்டிக்கே தெரிந்தது. ராமலிங்கத்தைக் கூப்பிட்டு, குதித்து ஆளை இழுத்து வரச் சொன்னார்கள். ராமலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான்.

"முங்கறவங்களத் தூக்கத்தாங்க எனக்கு ஆர்டரு. அவரு முங்கலயே, நீந்திக்கினுல்ல இருக்காரு" என்றான்.

கிரேனைக் காட்டினார் ஒரு மெம்பர். அதற்கு ஆள் தானே வந்து தொட்டிலில் உட்கார வேண்டும். சால்வையோடு நின்ற அதிகாரியின் பூட்ஸுக்கு அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. அவர் ராத்திரிக்குள் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டியவர். கருணாகரன் மறுபடி குந்தினார். குரலைத் தாழ்த்தி, பரமசிவத்துக்கு மட்டும் என்றால் தனிப்பட்ட முறையில் ஒரு ஏற்பாடு செய்யலாம், மன்றத்து மெம்பர் என்ற முறையில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள், வெளியாட்களைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றார்.

சரி என்று சொல்லிவிட வேண்டுமென்று பரமசிவத்துக்கு நாக்கு துடித்தது. இந்தத் தண்ணீருக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தார். காது தண்ணீருக்குள் இருந்ததால் உலகத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு தலையைத் தூக்கி, கருணாகரனைத் தாண்டிப் பந்தலின் பின்வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"செல்லக்கிளி, ஒனக்கு எந்தக் கெழமை தோது?"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டம்ளரை மடியில் வைத்திருந்த செல்லக்கிளி கொஞ்சமும் தயங்கவில்லை.

"செவ்வாக்கெழமைங்க. வெள்ளிக்கெழமன்னா ஜாக்கெட் வாங்க ஆளு வரும்."

"செவ்வாய்க்கிழமை சார்" என்றார் பரமசிவம். "எல்லாருக்கும். படி வழியா. மைக்ல சொல்லிருங்க, வந்துருதேன்."

அந்த மனுஷருக்கு என்னதான் வேண்டுமாம் என்று அதிகாரி கேட்டார். செவ்வாய்க்கிழமை வேண்டுமாம் என்றார்கள். "கொடுத்துத் தொலைங்களேன்யா" என்றார் அவர். மைக் அதையும் சேர்த்தே ஒலிபரப்பியது. கருணாகரன் அறிவித்தார்: செவ்வாய்தோறும், ஊனமுற்றோர் அனைவருக்கும், மதியம் இரண்டு மணி முதல் மூன்று மணி வரை. தமது நிதானத்தை இழக்காத மனிதர் அவர். அந்த வெயிலில் குளத்தங்கரைப் பக்கம் காக்காய்கூட வராது.

பரமசிவம் சொன்ன சொல் தவறாமல் வெளியே வந்தார். படிக்கு நீந்தி வந்து, திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகக் கையை ஊன்றி எழும்பி ஏறினார். எல்லோரும் பார்த்தார்கள். யாருக்கும் மனசு வெடித்துவிடவில்லை. ஈர உடம்பில் போட்டதால் சால்வைதான் சாயம் விட்டது.

முதல் செவ்வாய்க்கிழமை தளத்து ஓடு அடுப்பிலிட்ட தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. தமயந்தி வீட்டிலிருந்து கோணிகளைக் கொண்டுவந்து நனைத்துப் பரப்பி வைத்திருந்தாள். அதன் மேலாகத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். செல்லக்கிளி மட்டும் கடைசிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மானமே போனாலும் விடுவதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. தமயந்தி பழைய சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பரமசிவம் நடுக்குளத்தில் சீலிங் இல்லாத வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

மூன்று மணி ஆயிற்று. எல்லோரும் ராமலிங்கத்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு சாவியோடு வந்து ஓரமாயிருந்த வால்வைத் திறந்தான். செவ்வாய்க்கிழமை இவர்கள் குளித்த தண்ணீரை அன்றே வடித்துவிட்டு, மற்ற மெம்பர்களுக்குப் புதுத் தண்ணீர் விட வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. அவன் சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை. பரமசிவம் வால்வுப் பக்கமாக நீந்தி வந்தார்.

"வடிய எம்புட்டு நேரம் ஆவும்வே?"

"பெரிய கொளங்க. சாயங்காலம் ஆயிடும்" என்றான் ராமலிங்கம். "கீழ ஊத்தப் போற தண்ணிதானே. இருக்கற வரைக்கும் இருங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

வால்வு குடகுடவென்று விழுங்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் செல்லக்கிளி திடுக்கிட்டு வழுக்கி, தமயந்தியையும் இழுத்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீருக்குள் போய்விட்டாள். ஒரு கை கம்பியில், ஒரு கை தமயந்தியின் தோளில். தண்ணீர் அவளைத் தாங்கிப் பிடித்தது. பாதம் அடித்தளத்தில் பட்டது. ஆடிக்கொண்டே, குச்சியான இரண்டு காலையும் நேராக நீட்டி, நின்றாள். தையல் மிஷினுக்குப் பின்னாலும் தரையிலுமாக மற்றவர்களை அண்ணாந்தே பார்த்து வளர்ந்தவள், பக்கத்திலிருந்த தமயந்தியைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கீழே பார்க்க வேண்டியிருந்தது.

"யக்கா, நா உங்கள விட ஒசரம்போலக்கீதே" என்றாள்.

"வாயப் பாரு" என்றாள் தமயந்தி. திரும்பி அவள் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு, தலைக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். "நேரா நில்லுட்டி. தண்ணி எறங்கறதுக்குள்ள அளந்துருவோம்."